வீட்டில் செய்யும் காமா கதிர்மானி: செட்டிநாட்டு வெயிலுக்கும் மழைக்கும் எந்தக் கிரிஸ்டல், எந்தக் கண்?

பொங்கல் விடுமுறைக்குக் காரைக்குடி வந்த என் அக்கா மகன், தான் செய்த கைகர் கவுன்டரை, அதாவது கதிரியக்கத்தை எண்ணும் கருவியை, மேசைமேல் வைத்தான். எஸ்.பி.எம்.-20 குழாய், 400 வோல்ட் சுற்று, ஒரு சின்ன ஸ்பீக்கர். சுத்தமான வேலை. "மாமா, டிக் டிக்குன்னு எண்ணுது. ஆனா எதை எண்ணுதுன்னு தெரியல. முகப்புல இருக்கற கல்தூண்கிட்ட வச்சா கொஞ்சம் கூடுது. அது பொட்டாசியமா தோரியமான்னு கேட்டா இது சொல்ல மாட்டேங்குது. அடுத்து என்ன வாங்கட்டும்?" என்றான்.

இந்தக் கட்டுரை அவனுக்கு நான் சொன்ன பதிலின் விரிவு. கதிர் பட்டால் ஒளிரும் கிரிஸ்டலை வைத்துச் செய்யும் சிண்டிலேஷன் கருவிகள் இரண்டை நானே செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றைச் சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் சேர்ந்து கெடுத்தன. இன்னொன்று இன்றும் ஓடுகிறது. வெளிநாட்டுக்காரர்கள் குளிரான அறையில் உட்கார்ந்து எழுதிய குறிப்பை அப்படியே பின்பற்றினால் நம் ஊரில் சில இடங்களில் சறுக்கும். அதனால் தட்பவெப்பத்தையும் சேர்த்தே ஒப்பிடுகிறேன்.

முதலில் கைகர் குழாய் ஏன் போதவில்லை என்று பார்த்துவிடுவோம். அந்தக் குழாய்க்குள் நூறு காமா கதிர்கள் நுழைந்தால் ஒன்றோ இரண்டோதான் துடிப்பாக மாறும். சாதாரணப் பின்னணியில் நிமிடத்துக்கு இருபது, இருபத்தைந்து துடிப்பு வரும். நூறு துடிப்பு சேர்ந்தால்தான் பிழை பத்து சதவீதத்துக்கு இறங்கும். அதற்கே நான்கைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, உள்ளே வந்த கதிரின் ஆற்றல் எவ்வளவானாலும் துடிப்பு ஒரே உயரத்தில் இருப்பது. வீட்டு வாசலில் காலிங் பெல் அடித்தது தெரியும், வந்தது யார் என்று தெரியாது.

சிண்டிலேட்டர் கிரிஸ்டல் அப்படியில்லை. காமா கதிர் அதில் மோதி ஒரு எலக்ட்ரானைத் தள்ளிவிட, அந்த எலக்ட்ரான் ஓடும் வழியெல்லாம் கிரிஸ்டல் ஒளிர்கிறது. ஆற்றல் கூடக்கூட ஒளியும் கூடும். சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் தரும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இது கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) கதிர் ஒன்று முழுதாகச் சிக்கினால், தாலியம் கலந்த சீசியம் அயோடைடில் ஏறத்தாழ 35,000 ஒளித்துகள்கள் பிறக்கும். அதில் பாதி ஆற்றல் என்றால் ஒளியும் பாதி. அந்த மின்னலின் அளவை அளந்தால் கதிரின் ஆற்றல் தெரியும், ஆற்றல் தெரிந்தால் எந்தத் தனிமத்திலிருந்து வந்தது என்பதும் தெரியும். எந்த ஆற்றலில் எத்தனை கதிர் வந்தது என்று வரைந்த படம்தான் ஸ்பெக்ட்ரம்; ஒவ்வொரு தனிமமும் அதில் தனக்குரிய இடத்தில் உச்சியாக எழும்.

1903இல் வில்லியம் குரூக்ஸ் துத்தநாக சல்பைடு பூசிய திரையை ஒரு லென்ஸ் வழியாகப் பார்த்து, ஆல்ஃபா துகள் விழும் ஒவ்வொரு முறையும் ஒரு பொறி மின்னுவதைக் கண்டார். ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் இருட்டில் உட்கார்ந்து அந்தப் பொறிகளைக் கண்ணாலேயே எண்ணினார்கள். நாம் செய்யப்போவதும் அதே வேலைதான், மனிதக் கண்ணுக்குப் பதில் ஒரு மின்னணுக் கண் அங்கே உட்காருகிறது. ஆகவே தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: ஒளிரும் பொருள் எது, அதைப் பார்க்கும் கண் எது. செலவில் பெரும்பகுதியும் இந்த இரண்டுக்கே போகும்.

பெயர் பெற்ற கிரிஸ்டல் சோடியம் அயோடைடு. 1948இல் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் தாலியம் கலந்த சோடியம் அயோடைடின் திறனைக் காட்டியதிலிருந்து இன்றுவரை உலகம் முழுக்க ஆய்வகங்களில் இருப்பது இதுதான். ஒரு மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சுமார் 38,000 ஒளித்துகள். ஒளி நீல நிறத்தில், 415 நானோமீட்டர் பக்கம் வருவதால், ஒளியைப் பெருக்கி மின்துடிப்பாக்கும் ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய்க்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். பெரிய அளவில் வாங்கினால் இதைவிட மலிவாக வேறு நல்ல கிரிஸ்டல் கிடைக்காது.

ஆனால் இது ஓர் உப்பு. காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அலுமினிய டப்பாவுக்குள், ஒரு பக்கம் கண்ணாடி வைத்து, காற்றுப் புகாமல் அடைத்து விற்கிறார்கள். நான் வாங்கியது ஒருவர் பயன்படுத்தி விற்ற கிரிஸ்டல். மாசியில் வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் தெள்ளத் தெளிவாக இருந்தது. ஐப்பசி அடைமழை முடிந்து எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் வளையம்போல மஞ்சள் ஏறி, நடுவில் மழைக்காலத்தில் திறந்து வைத்த கற்கண்டு மாதிரி பனித்திருந்தது. மூடியின் ஓரத்தில் முடியளவு விரிசல். பொட்டாசியத்தின் கூர்மையான உச்சி இருந்த இடத்தில் ஒரு மொட்டை மேடுதான் மிஞ்சியது. வெளுத்த கிரிஸ்டலை வீட்டில் சரிசெய்ய வழியே இல்லை. மனம் விட்டுப்போயிற்று.

புதிதாக, நல்ல அடைப்போடு வாங்கினால் சோடியம் அயோடைடு பல வருடம் உழைக்கும், அதை மறுக்கவில்லை. பழையதை வாங்குவதானால் கண்ணாடிப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள். படம் தரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

இரண்டாவது, தாலியம் கலந்த சீசியம் அயோடைடு. இது காற்றின் ஈரத்தை மிகக் கொஞ்சமாகவே எடுக்கும். டப்பா தேவையில்லை, கையுறை போட்டுக்கொண்டு வெறும் கிரிஸ்டலாகவே கையாளலாம். கை வியர்வையும் விரல் எண்ணெயும் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். அடர்த்தி 4.51, சோடியம் அயோடைடு 3.67தான். அதனால் அதே அளவுக் கிரிஸ்டலில் கூடுதல் கதிர்கள் சிக்கும். ஒளியும் அதிகம், மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 54,000 ஒளித்துகள் வரை. ஒளியின் நிறம் 550 நானோமீட்டர், பச்சையும் மஞ்சளும் கலந்த பகுதி. ஒரு குறை, ஒளி அணைய ஒரு மைக்ரோவினாடி ஆகும். சோடியம் அயோடைடில் கால் மைக்ரோவினாடியே. வினாடிக்கு லட்சக்கணக்கில் துடிப்பு வரும் இடத்தில் இது தொல்லை. நம் வீட்டில் வினாடிக்குச் சில பத்துகளோ சில நூறுகளோதான் வரும், ஆகவே கவலையில்லை.

பி.ஜி.ஓ., எல்.ஒய்.எஸ்.ஓ. என்று இரண்டு கிரிஸ்டல்கள் பழைய மருத்துவ ஸ்கேனர்களிலிருந்து கழற்றப்பட்டு மலிவாக விற்பனைக்கு வருகின்றன. பி.ஜி.ஓ.வின் அடர்த்தி 7.13, ஈரத்துக்கு அசையாது, ஆனால் ஒளி மிகக் குறைவு, உச்சிகள் அகன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எல்.ஒய்.எஸ்.ஓ. தானே கதிரியக்கம் உள்ளது. அதிலிருக்கும் லூட்டேஷியம்-176 என்ற பொருள் 202, 307 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர்களை ஓயாமல் தந்துகொண்டிருக்கும். கல்தூணின் மெல்லிய கதிரைத் தேடுகிறவனுக்கு அது காதுக்குப் பக்கத்தில் மேளம் வாசிப்பது மாதிரி. இந்த இரண்டையும் விட்டுவிடலாம்.

பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் வேறு கேள்விக்கான விடை. அதில் காமா உச்சியே தெரியாது, ஏனென்றால் கார்பனும் ஹைட்ரஜனும் காமாவை முழுதாக விழுங்குவதில்லை. ஆனால் வானத்திலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் விழும் மியூவான் என்ற துகள்களைப் பிடிக்க அதுதான் சிறந்தது. இரண்டு துண்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் மின்னினால் மட்டும் எண்ணினால் போதும். ஊட்டியில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வு, இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் சிண்டிலேட்டர்களை மலைமேல் பரப்பி வைத்துத்தான் காஸ்மிக் கதிர்களை அளக்கிறது. பள்ளிக் கண்காட்சிக்குச் செய்வதானால் நான் மியூவானைத்தான் சிபாரிசு செய்வேன், கதிரியக்கப் பொருள் எதையும் தொடவே வேண்டியதில்லை.

அப்புறம், கண். இங்கேதான் நம் ஊர் வெயில் நுழைகிறது.

ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய் ஒரு அற்புதமான பொருள். ஒரே ஒரு ஒளித்துகள் விழுந்தாலும் அதைப் பத்து லட்சம் எலக்ட்ரான்களாகப் பெருக்கித் தரும், இரைச்சல் சொற்பம். ஆனால் 800இலிருந்து 1,200 வோல்ட் வரை வேண்டும். வோல்ட்டேஜ் ஒரு சதவீதம் ஆடினால் பெருக்கம் ஏழு சதவீதம் பக்கம் ஆடும். மின்சாரம் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் என் ஸ்பெக்ட்ரம் இடம் நகர்ந்தது இதனால்தான். மின்னழுத்தம் ஓடும்போது குழாய்மேல் அறை வெளிச்சம் பட்டால் குழாய் பாழ். சுற்றை அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும், கையை வைத்தால் தூக்கிப்போடும். கண்ணாடி என்பதால் கூரியரில் உடைந்து வருவதும் உண்டு. தனியாகச் செய்து பழகும் கல்லூரி மாணவனுக்கு இதை முதல் கருவியாக நான் சொல்லமாட்டேன்.

சாதாரண ஃபோட்டோடையோடு மலிவு, முப்பது வோல்ட்டுக்குள் ஓடும். பெருக்கம் என்று எதுவும் இல்லாததால், சில ஆயிரம் எலக்ட்ரான்களை அளக்க மிக அமைதியான பெருக்கிச் சுற்று வேண்டும். பக்கத்தில் ஒரு செல்போன் சார்ஜர் இருந்தாலே அது அலறும். பொறுமைசாலிகள் செய்கிறார்கள், ஆனால் குறைந்த ஆற்றல் பகுதி முழுக்க இரைச்சலில் முங்கிவிடும்.

மிஞ்சுவது சிலிக்கான் ஃபோட்டோமல்டிப்ளையர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக, 6 மில்லிமீட்டர் சதுரச் சில்லு. ஆயிரக்கணக்கான நுண்ணறைகள் அதில் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு ஒளித்துகளுக்கு ஒரு துடிப்பு தரும். 28 வோல்ட் போதும், பவர் பேங்கிலேயே ஓட்டலாம். பெருக்கமோ குழாய்க்குச் சமம். வெளிச்சம் பட்டாலும் சாவதில்லை, கீழே விழுந்தாலும் உடைவதில்லை.

இதன் எதிரி வெப்பம். நான் பயன்படுத்தும் வகையில், வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சில்லு வேலை தொடங்கும் மின்னழுத்தம் 21.5 மில்லிவோல்ட் ஏறுகிறது. நாம் அதற்குமேல் கொடுக்கும் உபரி மூன்று வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 27 டிகிரி, மதியம் 37 டிகிரி. பத்து டிகிரிக்கு 0.215 வோல்ட், அதாவது உபரியில் ஏழு சதவீதம் காணாமல் போகிறது. காலையில் 1,461 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் நின்ற பொட்டாசியம் உச்சி (இனி உச்சிகளின் எண்ணெல்லாம் இந்த அலகில்தான்) மதியம் 1,360 பக்கம் போய் நிற்கும். ஒரு நாள் முழுக்கச் சேர்த்த ஸ்பெக்ட்ரத்தில் அந்த உச்சி தேய்த்துவிட்ட மை மாதிரி தெரியும். கூடவே, பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகச் சில்லின் சொந்த இரைச்சலும் பெருகும்.

இதற்கு இரண்டு மருந்து உண்டு. ஒன்று, எல்.எம்.-35 என்ற வெப்ப உணரி. நம் கல்லூரி ஆய்வகங்களில் எல்லா இடத்திலும் கிடப்பது. அது டிகிரிக்குப் பத்து மில்லிவோல்ட் தரும். அதைச் சில்லுக்குப் பின்புறம் ஒட்டி, வெளியீட்டை ஆப்-ஆம்ப் என்ற ஒரு பெருக்கிச் சில்லில் 2.15 மடங்காக்கி, சில்லுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தோடு கூட்டிவிட்டால் டிகிரிக்கு 21.5 மில்லிவோல்ட் தானாகவே ஏறும், இறங்கும். இரண்டாவது மருந்து நம் வீடுகளிலேயே இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டில் வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி இருக்கும் அறைகள் தடித்த சுவரோடு, வெயில் நேரே விழாமல், நாளெல்லாம் ஒரே வாக்கில் குளிர்ந்திருக்கும். மொட்டைமாடி அறையிலிருந்து கருவியைக் கீழே வளவு அறைக்குக் கொண்டுவந்த அன்றே என் உச்சி பாதி அளவுக்கு ஒடுங்கியது.

அந்த அறைகளால் இன்னொரு உபயோகமும் உண்டு. கதவைச் சாத்தினால் கும்மிருட்டு. ஒளிக் கசிவைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. கிரிஸ்டலைப் பிளம்பர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பால் ஐந்தாறு சுற்று இறுக்கிச் சுற்ற வேண்டும், உள்ளே பிறக்கும் ஒளியைத் திருப்பித் திருப்பிச் சில்லை நோக்கி அனுப்புவது அந்த டேப்தான். சில்லு உட்காரும் சதுரத்தை மட்டும் வெட்டித் திறந்து, அங்கே குமிழி இல்லாமல் ஒரு சொட்டு கெட்டியான சிலிகோன் கிரீஸ் வைத்து அழுத்த வேண்டும். மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் மூன்று சுற்று. இருட்டு அறையில் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, டார்ச் அடித்து மறுபடி எண்ணுங்கள். கூடினால் கசிகிறது. பெரும்பாலும் ஒயர் வெளியே வரும் மூலையில்தான் கசியும். இந்த ஒரு மணி நேர வேலையில் கிடைக்கும் பலன், ஆயிரக்கணக்கில் கொடுத்து மேலான சுற்று வாங்கினாலும் கிடைக்காது.

துடிப்பை அளக்க கணினியில் செருகும் யு.எஸ்.பி. சவுண்டு கார்டா, ராஸ்பெர்ரி பை பைக்கோ என்ற சின்னக் கணிப்பலகையா? சவுண்டு கார்டுக்குத் துடிப்பை நூறு மைக்ரோவினாடி அளவுக்கு நீட்டித் தர வேண்டும். அதைச் செய்துவிட்டால் தெரெமினோ எம்.சி.ஏ. போன்ற இலவச மென்பொருள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். மைக்கின் தானியங்கி ஒலிக் கட்டுப்பாட்டை மறக்காமல் அணைக்க வேண்டும். பைக்கோவுக்கு உச்ச உயரத்தைச் சற்று நேரம் பிடித்து வைக்கும் ஒரு சின்னச் சுற்று வேண்டும், ஆனால் கணினி இல்லாமலே தனியாக ஓடும். முதல் பைக்கோவில் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் 12 பிட் மாற்றியில் ஒரு பிழை உண்டு: 512, 1536, 2560, 3584 ஆகிய எண்களில் பொய் உச்சி எழும். தெரியாதவர் அதைப் புதிய தனிமம் என்று நினைத்து ராத்திரியெல்லாம் தேடுவார். மென்பொருளில் அந்த இடங்களைச் சீராக்கிவிட்டால் பைக்கோவே மேல்.

கையில் கருவி வந்ததும் எதை வைத்துச் சோதிப்பது என்பது முக்கியம். சீசியம்-137 மாதிரி மூலங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருபவை, நமக்கு அவை வேண்டவே வேண்டாம். உரக்கடையில் ஒரு கிலோ பொட்டாஷ் வாங்குங்கள். அதிலிருக்கும் பொட்டாசியம்-40 வினாடிக்குச் சுமார் 16,000 சிதைவு, அதில் ஏறத்தாழ 1,700 காமா, எல்லாம் 1,461இல். வாழைப்பழத்தை வைத்துப் பார்க்கிறேன் என்று என் அக்கா மகனும் சொன்னான். ஒரு பழத்தில் வினாடிக்குப் பதினைந்து சிதைவுதான், கருவிக்குத் தெரியாது. குறைந்த ஆற்றல் முனையைச் சோதிக்கப் பெட்ரோமாக்ஸ் மேன்டில். தோரியம் உள்ளதாக இருந்தால் 239இல் நல்ல உச்சியும், 583, 911இல் சின்ன உச்சிகளும் தெரியும். இப்போது தோரியம் இல்லாத மேன்டிலும் வருகிறது, அதைக் கருவியே சொல்லிவிடும். எரிக்காத மேன்டிலை ஜிப் கவரில் போட்டு, அப்படியே வைத்து அளக்க வேண்டும். எரித்தது உதிரும், அந்தத் தூசி மூச்சில் போகக்கூடாது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருட்டில் தெரிவதற்காக ரேடியம் பூசிய பழைய கடிகாரங்கள் எங்கேயாவது தட்டுப்படலாம். கண்ணாடியைக் கழற்றாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கனமான உலோக உருளை எதையும் அறுக்கவோ உடைக்கவோ கூடாது. 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 இருந்த கருவியைப் பிரித்ததில் ஓர் உயிர் போனது.

பின்னணிக் கதிரைத் தடுக்கும் கவசத்துக்குக் காரீயம் வேண்டும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், அது இதற்கு உதவாது. காரீயத்துக்கு உள்பக்கம் ஒரு செப்புத் தகடும் கொடுங்கள், இல்லாவிட்டால் காரீயமே 75 பக்கம் ஒரு உச்சியைக் கிளப்பும். முதல் வருடத்துக்குக் கவசம் இல்லாமலே நிறையச் செய்யலாம். நெடுநாள் வறட்சிக்குப் பிறகு பெய்யும் மழையில் நனைந்த கார் கண்ணாடியை ஒரு டிஷ்யூவால் துடைத்துக் கிரிஸ்டல்மேல் வைத்தால், காற்றிலிருந்து மழை இறக்கிக் கொண்டுவந்த, ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து பிறந்த வாரிசுகள் 352இலும் 609இலும் உச்சி காட்டும். எண்ணிக்கை அரை மணிக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துகொண்டே வந்து, மாலைக்குள் மறைந்துவிடும். அந்தச் சரிவைக் கண்ணால் பார்த்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

செய்வதைவிட வாங்குவது மேலா? ரேடியாகோடு மாதிரி கையடக்கக் கருவிகளில் இருப்பதும் இதே ஜோடிதான்: ஒரு கன சென்டிமீட்டர் சீசியம் அயோடைடு, சிலிக்கான் சில்லு. 662இல் உச்சியின் அகலம் எட்டரை சதவீதம் அளவுக்குக் கூர்மை, வெப்ப ஈடும் உள்ளேயே. வேலை மட்டும் முக்கியம் என்றால் வாங்கிவிடலாம். ஆனால் அதே பணத்துக்கு 18 × 18 × 30 மில்லிமீட்டர் அளவு, அதாவது கிட்டத்தட்டப் பத்து மடங்கு பெரிய கிரிஸ்டலை நீங்களே கட்டலாம். கல்லும் மண்ணும் தரும் மெல்லிய கதிரை அளக்க அந்தப் பெரிய அளவுதான் கை கொடுக்கும்.

ஆகவே அவனிடம் சொன்னது இது: அந்த அளவுச் சீசியம் அயோடைடு ஒன்று, 6 மில்லிமீட்டர் சிலிக்கான் சில்லு ஒன்று, எல்.எம்.-35, பைக்கோ. கிரிஸ்டலில் மிச்சம் பிடிக்காதே, மற்றதையெல்லாம் மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ வாங்கிக்கொள்ளலாம்.

சித்திரையில் மறுபடி வந்தான். ராத்திரி பொட்டாஷ் பையோடு வளவு அறையில் வைத்துவிட்டுப் படுத்தோம். விடிந்து பார்த்தால் 1,461இல் உச்சி நெட்டுக்குத்தாக நின்றது. அடுத்த இரண்டு ராத்திரி முகப்புத் தூணில் கட்டி வைத்தான். 1,461 பெரிதாக, 239 தெளிவாக, 911 கொஞ்சமாக. "மாமா, ரெண்டும் இருக்கு" என்றான். இப்போது ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்திருக்கிறான்.